டிஎஸ்ஹெச் 0.03, நாடித்துடிப்பு 72: உடம்போடு ஒத்துப்போகாத ஒரு தைராய்டு அறிக்கை

34 வயதுப் பெண் ஒருவர், ரத்தப் பரிசோதனை அறிக்கையும் மருந்துச் சீட்டுமாக வந்து உட்கார்ந்தார். சீட்டில் கார்பிமசோல் எழுதியிருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. வாங்கி வைத்துவிட்டார், ஆனால் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"ஒன்றரை வருஷம் சாப்பிடணும்னு சொன்னாங்க டாக்டர். அதான், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

ஐந்து மாதமாக முடி கொட்டுகிறது. அதோடு களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்தத் தொல்லைகளுக்காகத்தான் தைராய்டு பரிசோதனை எழுதப்பட்டது. எழுதியது சரியே. முடி உதிர்வும் களைப்பும் சேர்ந்து வரும்போது தைராய்டைப் பார்க்காமல் விடக்கூடாது. (நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.)

அறிக்கையில் இருந்தவை:

டிஎஸ்ஹெச்: 0.03 (இயல்பு 0.4 முதல் 4.0 வரை)
ஃப்ரீ டி4: 2.6 (இயல்பு 0.8 முதல் 1.8 வரை)
ஃப்ரீ டி3: 6.2 (இயல்பு 2.3 முதல் 4.2 வரை)
டிஎஸ்ஹெச் ரிசெப்டர் ஆன்டிபாடி: 4.9 (1.75-க்குக் கீழே இருக்க வேண்டும்)

தைராய்டு படித்த யாரும் இந்த நான்கு வரிகளைப் பார்த்தவுடன் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: கிரேவ்ஸ் நோய், அதாவது உடம்பின் சொந்த எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைப்பது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்ஹெச் மூலம் தைராய்டை வேலை வாங்குகிறது. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 ரத்தத்தில் அதிகமானால் பிட்யூட்டரி அடங்கிவிடும், டிஎஸ்ஹெச் சரியும். இங்கே டிஎஸ்ஹெச் தரையில் கிடக்கிறது, டி3-யும் டி4-ம் மேலே. போதாததற்கு, தைராய்டைத் தூண்டிவிடும் ஆன்டிபாடியும் இருப்பதாகக் காட்டுகிறது. ஆகவே கார்பிமசோல் எழுதிய மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காகிதம் அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

ஆள்தான் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை.

உடம்பு சொன்னது

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 72, சீராக. துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற மாத்திரை எதையும் அவர் சாப்பிடவில்லை என்பதால் இந்த எண்ணை நம்பலாம். ரத்த அழுத்தம் 112/70. ஐந்து மாதத்தில் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. தூக்கம் நன்றாக வருகிறது. வெயிலும் புழுக்கமும் தாங்கவில்லை என்ற பேச்சே இல்லை.

கைகளை முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, அவர் கொண்டுவந்த அறிக்கைத் தாளையே அந்த விரல்களின் மேல் வைத்தேன். தைராய்டு மிகைப்பில் வரும் மெல்லிய நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், தாளின் ஓரம் படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தாள் ஆடாமல் அசையாமல் கிடந்தது. உள்ளங்கையில் ஈரமில்லை, சூடுமில்லை. கண்கள் பிதுங்கவில்லை. கழுத்தில் வீக்கம் கைக்குத் தட்டுப்படவில்லை, ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சலும் இல்லை.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது மட்டும் ஒன்று தெரிந்தது. உள்பக்கம் வெளிறிப் போயிருந்தது.

வயதானவர்களுக்கு தைராய்டு மிகைப்பு சில சமயம் சத்தமில்லாமல் வரும். படபடப்பு, நடுக்கம் எதுவும் இல்லாமல் வெறும் சோர்வும் எடைக்குறைவுமாக இருக்கும். 34 வயதில், இந்த அளவு எண்களோடு, எடையும் கூடிக்கொண்டு, இவ்வளவு அமைதியான உடம்பு இருப்பது அபூர்வம். அறிக்கையில் இன்னொரு பக்கத்தில் கொழுப்பின் அளவு இருந்தது. எல்டிஎல் 138. தைராய்டு மிகைப்பில் கொழுப்பு வழக்கமாகக் குறையும். இது குறையவில்லை. தனியாக எடுத்தால் இதற்குப் பெரிய மதிப்பு கிடையாது, ஆனால் சந்தேகம் விழுந்த பிறகு இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களும் கணக்கில் வருகின்றன.

கேட்கும் விதம்

பதிவுப் படிவத்தில் 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். நேரில் கேட்டபோதும் அதே பதில். அப்புறம் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டேன்.

"முடி கொட்டுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு நீங்களா என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

எண்ணெய் மாற்றியது, ஷாம்பு மாற்றியது என்று ஆரம்பித்தவர், கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். பயோட்டின். ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம், அதாவது 10 மில்லிகிராம். மூன்று மாதமாக தினமும் காலையில் இரண்டு.

"இது வெறும் வைட்டமின்தானே டாக்டர்?"

"டெஸ்ட் எடுத்த அன்னிக்கும் போட்டீங்களா?"

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. அதனால எதுவும் சாப்பிடல. இதை மட்டும் தண்ணியில போட்டுக்கிட்டுப் போனேன்."

மாத்திரை போட்டதற்கும் ஊசி குத்தியதற்கும் இடையே ஒன்றரை மணி நேரம். வாய்வழியாக எடுத்த பயோட்டின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான்.

பயோட்டின் என்பது பி7 வைட்டமின். வயதுவந்த ஒருவருக்குப் போதுமானது என்று வகுக்கப்பட்ட அளவு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம். இவர் எடுத்துக்கொண்டது 20,000. அறுநூறு மடங்குக்கும் மேல். இதனால் உடம்புக்குக் கேடு வந்ததா என்றால், இல்லை. நீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். அவருடைய தைராய்டையும் அது தொடவில்லை. அது குளறுபடி செய்தது பரிசோதனைக் கருவிக்குள்.

கருவிக்குள் நடப்பது

ஹார்மோன்கள் ரத்தத்தில் மிகமிகச் சிறிய அளவில் இருப்பவை. அவற்றைப் பிடிக்க ஆன்டிபாடியைத் தூண்டில் மாதிரி பயன்படுத்துகிறார்கள். பிடித்ததைக் கழுவும்போது போய்விடாமல் நிறுத்திவைக்க ஒரு பிடிமானம் வேண்டுமே, அதற்குப் பல கம்பெனிகள் தேர்ந்தெடுத்தது பயோட்டினையும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தையும். ஒரு வகை பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் இந்தப் புரதம் பயோட்டினைப் பிடித்தால் லேசில் விடாது. இயற்கையில் தெரிந்த பிணைப்புகளில் மிக வலுவானவற்றில் ஒன்று இது. ஆன்டிபாடியில் பயோட்டினை ஒட்டி, நுண்ணிய மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டவிடினைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

நோயாளியின் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால்? ஆன்டிபாடி வந்து உட்காருவதற்கு முன்பே அந்த மணிகளில் மாத்திரையின் பயோட்டின் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. தாமதமாக வந்த ஆன்டிபாடி, பிடித்த ஹார்மோனோடு சேர்ந்து கழுவப்பட்டுப் போய்விடும். கருவிக்குக் கிடைக்கும் ஒளிச்சமிக்ஞை குறைகிறது.

இதுவரை நேராகப் போகும் கதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. டிஎஸ்ஹெச் பெரிய மூலக்கூறு. அதை இரண்டு பக்கமும் இரண்டு ஆன்டிபாடிகள் கவ்விப் பிடிக்கும் 'சாண்ட்விச்' முறையில் அளக்கிறார்கள். இதில் சமிக்ஞை எவ்வளவோ, ஹார்மோன் அவ்வளவு. சமிக்ஞை குறைந்தால் டிஎஸ்ஹெச் குறைவு என்று அறிக்கை வரும். டி3, டி4 இரண்டும் பொடி மூலக்கூறுகள், இரண்டு ஆன்டிபாடிகள் கவ்வ இடம் போதாது. அதனால் போட்டி முறை: நோயாளியின் ஹார்மோனும், பயோட்டின் ஒட்டிய செயற்கை ஹார்மோனும் ஆன்டிபாடிக்காகப் போட்டி போடும். இங்கே கணக்கு தலைகீழ். சமிக்ஞை குறைந்தால் நோயாளியின் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ரிசெப்டர் ஆன்டிபாடி பரிசோதனையும் இதே போட்டி வகை.

ஆக, ஒரே கோளாறு டிஎஸ்ஹெச்சை இறக்கிக் காட்டுகிறது, டி3, டி4, ஆன்டிபாடி மூன்றையும் ஏற்றிக் காட்டுகிறது. தாறுமாறாகத் தவறியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இது கிரேவ்ஸ் நோயின் முகமூடியை அப்படியே மாட்டிக்கொண்டு வருகிறது. லேப்களில் தினமும் ஓட்டும் தரக்கட்டுப்பாட்டுச் சோதனையிலும் அகப்படாது. கருவியில் பழுதில்லை, வேதிப்பொருளில் பழுதில்லை, சிக்கல் அந்த ஒரு குழாய் ரத்தத்தில்தான்.

ஒரே குழாய், இரண்டு தீர்ப்பு

எங்களிடம் வந்த அன்று காலையிலும் அவர் மாத்திரை போட்டிருந்தார். அது நல்லதாகப் போயிற்று. அன்றே ரத்தம் எடுத்து ஒரே குழாயிலிருந்து இரண்டாகப் பிரித்தோம். ஒரு பங்கு, முதல் அறிக்கை தந்த அதே வகைக் கருவிக்கு. இன்னொரு பங்கு, பயோட்டின் பிடிமானத்தை நம்பாத வேறு வகைக் கருவிக்கு.

முதல் கருவி: டிஎஸ்ஹெச் 0.04, ஃப்ரீ டி4 2.5.
இரண்டாவது கருவி: டிஎஸ்ஹெச் 1.9, ஃப்ரீ டி4 1.2.

மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, முதல் வகைக் கருவியிலேயே ஓட்டினோம். டிஎஸ்ஹெச் 2.1, ஃப்ரீ டி4 1.2, ஃப்ரீ டி3 3.1, ரிசெப்டர் ஆன்டிபாடி இல்லை.

இரண்டாவது கருவி கைக்கு எட்டாத இடங்களிலும் இந்த நான்கு நாள் சோதனை ஒன்றே போதும். காரணம் இருக்கிறது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும். தைராய்டு அன்றோடு சுரப்பதை முழுக்க நிறுத்தியிருந்தால்கூட நான்கு நாளில் 2.5 என்பது 1.7 பக்கம்தான் வந்திருக்கும். உண்மையான மிகைப்பில் டி4 இதைவிட வேகமாகக் கரையும், சரி, ஆனால் மருந்தே இல்லாமல் சுரப்பு அப்படி ஒரேயடியாக நிற்காது என்பதால் நான்கு நாளில் 1.2 வரை இறங்கியிருக்காது. டிஎஸ்ஹெச் இன்னும் தெளிவான சாட்சி. நிஜமான தைராய்டு மிகைப்பில் அடங்கிப்போன பிட்யூட்டரி, சிகிச்சை ஆரம்பித்து ஹார்மோன் அளவு சரியான பிறகும் எழுந்துவர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். 0.04-லிருந்து 2.1-க்கு நான்கே நாளில் வந்தது என்றால் அது அடங்கவே இல்லை.

கார்பிமசோல் டப்பா பிரிக்கப்படாமலே போயிற்று. தேவைப்படுபவருக்கு அது அருமையான மருந்து. தேவைப்படாதவருக்குக் கொடுத்தால், நன்றாக வேலை செய்யும் தைராய்டை முடக்கும். அரிதாக, ரத்த வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தைக்கு உறுப்புக் குறைபாடுகள் வரும் வாய்ப்பும் உண்டு. கிரேவ்ஸ் என்று உறுதிசெய்தபின் கதிரியக்க அயோடின், அறுவை என்று போகும் வழிகளும் இருக்கின்றன. அவை திரும்பி வர முடியாத வழிகள்.

அப்படியானால் களைப்பு எதனால்?

அந்த வெளிறிய இமைதான் விடை. ஹீமோகுளோபின் 10.4. சிவப்பணுக்களின் சராசரி அளவு 71, இயல்பு 80-க்கு மேல். இரண்டும் முதல் அறிக்கையிலேயே இருந்தன. தைராய்டு எண்கள் அவ்வளவு பெரிதாகக் கத்தியதில் இவற்றை யாரும் கவனிக்கவில்லை. விசாரித்தால், மாதவிடாய் ஒவ்வொரு முறையும் ஏழு நாள், முதல் மூன்று நாள் அதிக ரத்தப்போக்கு. 'எனக்கு எப்பவுமே இப்படித்தான்' என்பதால் அதை ஒரு தொல்லையாக அவர் சொல்லவே இல்லை.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதல் அறிக்கையில் 5. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஃபெரிட்டினும் பல கருவிகளில் சாண்ட்விச் முறையில் அளக்கப்படுவதுதான், ஆகவே பயோட்டின் அதையும் குறைத்துக் காட்டியிருக்கலாம். ஒரு பொய்யைக் கண்டுபிடித்த கையோடு அதே தாளின் அடுத்த வரியை அப்படியே நம்பக்கூடாதே. நான்காம் நாள் ரத்தத்தில் மறுபடி பார்த்தோம்: 8. கொஞ்சம் கூடியிருந்தாலும், உலக சுகாதார அமைப்பு வயதுவந்தவர்களுக்குச் சொல்லும் 15 என்ற எல்லைக்கு ரொம்பக் கீழே. சிவப்பணுக்களை எண்ணி அளக்கும் கருவியில் பயோட்டினுக்கு வேலையே இல்லை, அதனால் ஹீமோகுளோபினும் அணுக்களின் அளவும் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

இரும்பு மாத்திரை ஆரம்பித்தோம், ரத்தப்போக்குக்கான காரணம் பார்க்க மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.6. மூச்சு வாங்குவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. முடி விஷயம் மெதுவாகத்தான் தேறியது. இரும்புக் குறைவுக்கும் முடி உதிர்வுக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதால், முழுக்க இதனால்தான் சரியானது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. பயோட்டினைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொன்னேன். பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் கிடையாது.

இவர் முதல் ஆள் இல்லை

பிறவி வளர்சிதைக் கோளாறுகளுக்காக மிக அதிக அளவு பயோட்டின் கொடுக்கப்பட்ட ஆறு குழந்தைகளுக்கு, இதேபோல கிரேவ்ஸ் நோய் மாதிரியான அறிக்கைகள் வந்ததை 2016-இல் ஒரு முன்னணி மருத்துவ இதழ் வெளியிட்டது. 2017-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான ஆறு பேருக்கு ஒரு வாரம் தினமும் 10 மில்லிகிராம் கொடுத்து, வெவ்வேறு கம்பெனிக் கருவிகளில் சோதித்துப் பார்த்தார்கள். பயோட்டின் பிடிமானம் உள்ள சில சோதனைகள் பிசகின, பிடிமானம் இல்லாதவை பிசகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை விடுத்தது. அதைத் தூண்டியவற்றில் ஒன்று ஒரு மரணம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை, அதிக பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் குறைவாகக் காட்டியிருந்தது. 2019-இல் எச்சரிக்கையைப் புதுப்பித்தார்கள்.

அதற்குப் பிறகு பல கம்பெனிகள் தங்கள் வேதிப்பொருள்களை மாற்றியமைத்தன. இப்போது வரும் பல சோதனைகள் 20 மில்லிகிராமுக்கெல்லாம் அசைவதில்லை. ஆனால் எல்லா லேபிலும் எல்லாச் சோதனையும் புதியதாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது, எந்த வகை என்பது அறிக்கைத் தாளிலும் பெரும்பாலும் இருக்காது. லேபைக் கேட்டால் சொல்வார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

தைராய்டோடு இது முடிவதும் இல்லை. பாராதைராய்டு ஹார்மோன், புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், கர்ப்பத்தைக் காட்டும் ஹெச்சிஜி எல்லாம் பொதுவாக சாண்ட்விச் வகை, பொய்யாகக் குறையலாம். கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால், வைட்டமின் டி போட்டி வகை, பொய்யாகக் கூடலாம். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தைரோகுளோபுலின். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்ப்பது இதை வைத்துத்தான். அது பொய்யாகக் குறைந்து வந்தால் நோயாளியும் நிம்மதியாகப் போவார், மருத்துவரும் நிம்மதியாக இருப்பார்.

ஊசிக்கு முன்னால்

இந்தப் பெண்ணுக்கு நாங்கள் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்க தைராய்டு சங்கம். 10, 20 மில்லிகிராம் எடுப்பவருக்கு இது போதும். நரம்பு நோய்களுக்கான ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் கூடுதல் நாட்கள் தேவை. பயோட்டின் என்ற பெயர் டப்பாவின் முன்பக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. 'முடி, நகம், சருமம்' என்று விற்கும் கலவைகளில் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கும். மல்டிவைட்டமினில் வழக்கமாக இருக்கும் 30 மைக்ரோகிராம் எதையும் கெடுக்காது, பயப்பட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, பரிசோதனைக்கு முன்னால் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இதைவிட மோசம். பிறவிக் குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த பயோட்டினைத் தானாக நிறுத்தவே கூடாது. ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, ரத்த அழுத்த மருந்து எதுவும் அப்படியே. தைராய்டு குறைவுக்காக தைராக்ஸின் சாப்பிடுபவர், அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொண்டால் போதும். முன்பே போட்டுவிட்டால் ஃப்ரீ டி4 சில மணி நேரம் கூடுதலாகக் காட்டும். கார்டிசாலும் டெஸ்டோஸ்டிரோனும் காலையில் எடுக்க வேண்டியவை, மாலையில் எடுத்த எண்ணை காலை எல்லையோடு ஒப்பிட்டால் இல்லாத நோய் முளைக்கும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பதிவுப் படிவத்தில் இப்போது 'மருந்துகள்' என்பதற்குக் கீழே தனியாக ஒரு வரி இருக்கிறது: கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் வைட்டமின், சத்து மாத்திரை, பொடி, கடைசியாக எடுத்த நேரம். பெயரைவிட அந்த நேரம்தான் லேபுக்கு முக்கியம்.

நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் காத்திருக்க நேரம் கிடையாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். பயோட்டின் சாப்பிடுகிறேன், இன்று இத்தனை மணிக்குப் போட்டேன் என்று நோயாளியோ கூட வந்தவரோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ட்ரோபோனின் எண் ஒன்றை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பாமல், இசிஜியையும் எக்கோவையும் சேர்த்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ரத்தத்தை வேறு வகைக் கருவியில் ஓட்டுவார்கள்.